கேமராவும் கடல்காற்றும்: ராமநாதபுரம் கரையோர வாசகர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி தனுஷ்கோடி முதல் சாயல்குடி வரை, வடக்கே தொண்டி வரை உள்ள ஊர்களிலிருந்துதான். பூநாரைக்கு ஒருவர், மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு ஒருவர், திருவிழாவுக்கு ஒருவர் என்று கேட்டிருக்கிறீர்கள். மற்ற மாவட்டக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த இதழை முழுக்க இந்தக் கரைக்கே கொடுத்துவிட்டேன்.

அண்ணே, ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கிறேன். மாமா கொடுத்த பழைய கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும்தான் இருக்கு. 600 இல்லாமல் பறவைப் பக்கமே போகாதே என்கிறார்கள். தவணையில் வாங்கிவிடலாமா?
(கல்லூரி மாணவர், ராமநாதபுரம்)

வேண்டாம் தம்பி. கடனில் வாங்கிய லென்ஸ் வீட்டில் இருந்தால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பெரிய படம் கிடைத்தே ஆகணும் என்ற அவசரம் வந்துவிடும். அந்த அவசரத்தில் பறவையைப் பார்க்கக் கற்றுக்கொள்ள முடியாது. உங்களுடையது சின்ன சென்சார் கேமரா என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் 300 போட்டால் பெரிய சென்சாரில் 450 போட்ட அளவுக்கு நெருக்கம் கிடைக்கும். நிற்கும் இடம் சரியாக இருந்தால் அது தாராளம்.

பாம்பனுக்குப் போங்கள். நாட்டுப்படகுகள் கரை சேர்ந்து வலையை உதறுகிற நேரத்தில் சிந்தும் பொடிமீனுக்குச் செம்பருந்து இறங்கும். வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, மீதி உடம்பெல்லாம் செங்காவி. தண்ணீரை நெருங்கும்போது இரண்டு காலையும் முன்னால் நீட்டி, மீனைத் தொட்ட கையோடு மேலே ஏறி, பறந்துகொண்டே காலைத் தூக்கி அலகுக்குக் கொண்டுபோய்க் கொத்தித் தின்னும். இதெல்லாம் உங்கள் 300-க்கு எட்டுகிற தூரத்திலேயே நடக்கும்.

இங்கே கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பருந்தோ ஆலாவோ நாரையோ, இறங்கும்போதும் கிளம்பும்போதும் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் இருக்கும். அதனால் காற்று உங்கள் முதுகில் படுகிற மாதிரி நின்றால் பறவை உங்கள் முகத்தைப் பார்த்து வரும். காற்று உங்கள் முகத்தில் அடித்தால் அன்று முழுக்க வால் படம்தான். வந்து நின்றதும் கேமராவை எடுக்காதீர்கள், கொஞ்ச நேரம் வெறுங்கண்ணால் பாருங்கள். ஒரே பருந்து ஒரே வட்டத்தில் சுற்றி ஒரே கோட்டில் இறங்குவது தெரியவரும். அந்தக் கோட்டில் லென்ஸை வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் வேலை. ஷட்டர் வேகம் 1/2000 நொடி, அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 6.3 அல்லது 7.1, ஐஎஸ்ஓவை (ஒளி உணரும் அளவை) தானாகப் போகவிடுங்கள், நகரும் பறவையைத் தொடர்ந்து பிடிக்கும் தொடர் ஃபோகஸில் வையுங்கள். பின்னணி கருநீலத் தண்ணீராக இருந்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, ஒரு படி குறைக்கணும், இல்லாவிட்டால் வெள்ளைத் தலை வெளிறிப்போய் இறகு ஒன்றும் தெரியாது.

ஊருக்குப் பக்கத்திலேயே சக்கரக்கோட்டை கண்மாய் இருக்கிறது. 2025-இல் தேர்த்தங்கல் பறவைகள் சரணாலயத்தோடு சேர்ந்து, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறிய இடம் அது. மழை பெய்து கண்மாய் பெருகிய வருஷங்களில் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். கரைமேலேயே உட்காருங்கள், கீழே இறங்க வேண்டாம். கல்லூரிக்குப் போகிற வழியில் அரைமணி நேரம் நின்று பார்த்தாலே வருஷக் கடைசியில் உங்களுக்குத் தெரிந்தது 600 வைத்திருப்பவர் பலருக்குத் தெரிந்திருக்காது.

கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரை பார்க்கக் குடும்பத்தோடு போனோம். நல்ல வெயில். 1/2000-இல்தான் எடுத்தேன், ஆனாலும் எல்லாப் படமும் தண்ணீரில் கரைந்த மாதிரி மங்கல். நிறமும் நெட்டில் பார்க்கிற ரோஸ் இல்லை, வெள்ளையாகத்தான் இருக்கு. லென்ஸ் பழுதா?
(வாசகர், பரமக்குடி)

லென்ஸில் ஒன்றும் இல்லை. "நல்ல வெயில்" என்று நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. அந்தப் பரப்பு முழுக்க ஆழமில்லாத தண்ணீரும் உவர்ச்சேறும் சூடேறுகிற மணலும். வெயில் ஏற ஏறத் தரையை ஒட்டிக் கானல் எழும்பும். நீங்கள் நிற்கும் சாலைக்கும் பறவைக்கும் நடுவில் அத்தனை தூரத்துக்கும் அந்தக் கானல் நெளிந்துகொண்டிருக்கும்போது எந்த ஷட்டர் வேகமும் அதை நிறுத்தாது, விலை உயர்ந்த லென்ஸில் அது இன்னும் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். விடிந்ததிலிருந்து எட்டரை மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். மேகம் மூடிய நாளாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

நிறத்தைப் பற்றி. அங்கே வருவது பெரும் பூநாரை. நிற்கும்போது வெள்ளைதான், லேசாக ரோஸ் ஓடும். இறக்கையை விரித்தால்தான் உள்ளே ஒளிந்திருக்கும் சிவப்பும் ஓரத்துக் கறுப்பும் வெளியே வரும். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில், கால்கூடக் கறுத்துப் போய் நிற்பவை இளசுகள். அந்தச் சிவப்பு தின்னும் பாசியிலிருந்தும் உவர்த்தண்ணீர் இறால்பொடியிலிருந்தும் வருஷக்கணக்கில் சேர்ந்து வரவேண்டியது. கம்ப்யூட்டரில் நிறத்தை ஏற்றி அதை ரோஸ் ஆக்கிவிடாதீர்கள். சாம்பல் குஞ்சு ஒன்று தாய்ப்பறவைகளுக்கு நடுவில் தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்கிற மாதிரி வைத்து, காலால் சேற்றை மிதித்து மிதித்துக் கலக்கிக்கொண்டு மேய்வதை உள்ளபடியே காட்டினால் அதைவிட நல்ல படம் வேறு எதுவும் தேவையில்லை.

எங்கே நிற்பது? ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் எழும்பும், வாடை வடகிழக்கிலிருந்து வீசும். சாலைப் பக்கமாக, பறவைக்குத் தென்கிழக்கில் நின்றால் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், காற்றை எதிர்த்துக் கிளம்பும் பூநாரை உங்களுக்குப் பக்கவாட்டாக ஓடும். பூநாரைக்குப் பக்கவாட்டுதான் அழகு: தண்ணீர்மேல் நாலைந்து எட்டு ஓடி, கழுத்தை முன்னாலும் காலைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு மேலே எழும்புவது முழுசாகக் கிடைக்கும். சுற்றிலும் பளீரென்ற தண்ணீர் இருப்பதால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும், அரைப் படியோ முக்கால் படியோ கூட்டி வையுங்கள்.

ஆனால் அந்தக் கிளம்பல் அதுவாக நடக்கணும். தண்ணீருக்குள் இறங்கி நடப்பது, கை தட்டுவது, கல் எறிவது, இதெல்லாம் அங்கே கண்ணால் பார்க்கிற சங்கதிகள், எனக்கு மனசு ஆறவே ஆறாது. எவ்வளவோ தூரம் பறந்து வந்து, திரும்பிப் போவதற்கு உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவை அது. ஒவ்வொரு தடவை விரட்டும்போதும் அது தின்றதைச் செலவழிக்கிறது. 2025 ஜூன் 5 அன்று தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேரைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்துவிட்டது, அதனால் விரட்டுவது இப்போது சட்டப்படியும் குற்றம். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி, கதவுமேல் ஒரு மணல்பையோ மடித்த துண்டோ வைத்து எடுத்துப் பாருங்கள். நடந்து வரும் ஆளுக்கு மிரளும் பறவை நிற்கும் வண்டிக்கு அவ்வளவாக மிரளாது. இன்ஜினை அணைத்துவிடுங்கள், அதன் நடுக்கமும் படத்தில் விழும்.

அரிச்சல்முனை போகிற வழியில் மணலில் ஒரு சின்னப் பறவை முட்டை போட்டிருப்பதைப் பார்த்தேன். கூடே கிடையாது, சும்மா குழி. கிட்டப் போனதும் தாய் இறக்கை ஒடிந்த மாதிரி தரையில் இழுத்துக்கொண்டு ஓடியது. அதைப் படம் எடுக்கலாமா?
(வாசகர், ராமேஸ்வரம்)

எடுக்காதீர்கள், அந்த இடத்தைவிட்டு வந்த வழியே திரும்பி விடுங்கள். நீங்கள் சொல்கிற அளவும் நடிப்பும் உப்புக்கொத்தி வகையைக் காட்டுகிறது. தனுஷ்கோடி மணலில் தங்கி முட்டையிடும் உப்புக்கொத்தியைத்தான் 2023-இல் ஆராய்ச்சியாளர்கள் தனி இனமாகப் பிரித்து அனுமன் உப்புக்கொத்தி என்று பேர் வைத்தார்கள். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான பறவை, ராமர் பாலத்தை நினைத்து வைத்த பேர்.

இறக்கை ஒடிந்த மாதிரி காட்டுவது உங்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போக. அந்த நடிப்பு நடக்கும் நேரமெல்லாம் முட்டைமேல் நிழல் இல்லை. வெயில் மாதங்களில் அந்த மணல் எப்படிச் சுடும் என்று செருப்பில்லாமல் நடந்தவருக்குத் தெரியும், முட்டைக்குள் இருக்கும் உயிர் அதைத் தாங்குமா? போதாததற்கு உங்கள் காலடி வாசத்தை நாய் பிடிக்கும், நீங்கள் குனிந்து பார்த்த இடத்தைக் காக்கை பார்த்துவைத்துக்கொள்ளும்.

இந்தப் பறவையை அலையோரத்தில் எடுங்கள். குளிர் மாதக் காலையில் ஈரமணலில் படுத்துக்கொண்டு, லென்ஸைத் தரையோடு தரையாக வைத்து அசையாமல் இருந்தால், நண்டுக்குஞ்சு பொறுக்கிக்கொண்டே ஓடி நின்று ஓடி நின்று உங்களை நோக்கித்தான் வரும். இடத்தை மட்டும் வாட்ஸப்பில் போடாதீர்கள்.

லென்ஸ் ஜூமைத் திருகினால் நறநற என்கிறது. கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. கடல் பக்கத்திலேயே வீடு. என்ன செய்வது?
(வாசகர், மண்டபம்)

நறநற சத்தம் மணல், அதை நீங்கள் திருகத் திருக உள்ளே போகும், உடனே நிறுத்திவிட்டுச் சர்வீஸுக்குக் கொடுங்கள். கண்ணாடிப் புள்ளி வெளியே இருந்தால் உப்பு. கையால் அமுக்குகிற ஊதுபந்தால் முதலில் ஊதித் தூசியைப் போக்கிவிட்டு, பிறகு நல்லதண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல் கண்ணாடிப் பூச்சைக் கீறும். புள்ளி உள்ளே இருந்து, ஓரத்தில் நூல் நூலாக இருந்தால் பூஞ்சை. அதுவும் சர்வீஸ்தான்.

இனிமேலுக்கு: கடற்கரையில் லென்ஸ் கழற்றி மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கேமரா உடம்பு, லென்ஸ் மாட்டும் மவுண்ட் ஓரம், முக்காலியின் கால் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடலாம். அரிசி வேண்டாம், மாவுத்தூசி உள்ளே போகும். ஏசி அறையில் இருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும், பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறங்கள்.

எங்கள் பக்கம் கோயில் திருவிழா என்றால் மாட்டுவண்டிப் பந்தயம் உண்டு. நானும் எடுக்கிறேன், எல்லாம் தெளிவாக வருது, ஆனால் வண்டி நிற்கிற மாதிரியே இருக்கு. வேகம் தெரிய என்ன செய்யணும்?
(வாசகர், சாயல்குடி)

தெளிவாக வருவதுதான் சிக்கல். 1/1000-இல் எடுத்தால் சக்கரத்தின் ஆரம்கூட ஒவ்வொன்றாக எண்ணலாம், அப்புறம் வேகம் எங்கிருந்து தெரியும்? ஷட்டரை 1/60-க்கு இறக்குங்கள், கை பழகினபிறகு 1/30. வண்டி தூரத்தில் தெரியும்போதே ஃபைண்டரில் பிடித்துக்கொண்டு, காலை ஊன்றி, இடுப்பை மட்டும் திருப்பி, வண்டியோடு சேர்ந்தே வந்து, உங்களுக்கு நேராக வரும்போது அழுத்துங்கள். அழுத்தின பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். முன்மாட்டின் கண்ணும் சாரதியின் முகமும் ஓரளவு கூர்மையாக நின்று, குளம்பும் சக்கரமும் பின்னால் நிற்கும் ஜனமும் கோடுகோடாக இழுத்துக்கொண்டு போனால் அந்தப் படத்தில் மாடு ஓடும். நூறு எடுத்தால் இரண்டு தேறும், எல்லோருக்கும் அப்படித்தான்.

பந்தயம் ஒன்பது மணி தாண்டி நடந்தால் வெளிச்சம் அதிகம், ஐஎஸ்ஓ 100 வைத்து அபெர்ச்சரை எஃப் 22 வரை அடைத்தால்தான் 1/60 வரும், படமும் சற்று மழுங்கும். அதற்கு ஒரு என்டி ஃபில்டர் வாங்கிக்கொள்ளுங்கள், கறுப்புக் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைக் குறைக்கும். போலரைசர் இருந்தால் அதுவும் ஓரளவுக்கு உதவும்.

இடம் தேர்ந்தெடுப்பதில் மட்டும் விளையாட வேண்டாம். முதல் நாளே போய்ச் சாலையைப் பாருங்கள். பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று தனித்தனியாக விடுவார்கள், தூரமும் மாறும், எந்தப் பிரிவு எங்கே திரும்பும் என்று விழாக் கமிட்டிக்காரர்களிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் இடம்தான் படத்துக்கு நல்ல இடம்: சாரதி எழுந்து நின்று முழு உடம்பையும் பின்னால் சாய்த்துக் கயிற்றை இழுப்பார், ஒரு மாடு நின்றுவிடும், இன்னொன்று சுற்றி வரும், வண்டி ஒரு சக்கரத்தில் தூக்கும். அந்த வண்டி எப்போதும் வளைவுக்கு வெளிப்பக்கம்தான் சறுக்கும், அதனால் வெளி ஓரத்தில் நிற்கவே கூடாது, உள்பக்கம் தள்ளி, ஒரு மரமோ திண்டோ முன்னால் இருக்கிற மாதிரி நில்லுங்கள். வண்டி போனபிறகும் சாலையில் இறங்காதீர்கள், பின்னால் கத்திக்கொண்டு வரும் பைக்குகள் மாட்டைவிட ஆபத்து.

வடமாடு மஞ்சுவிரட்டு எடுக்க எந்த லென்ஸ்?
(வாசகர், கமுதி)

உங்களிடம் இருக்கும் 70-200 போதும். களத்தின் நடுவில் வடத்தால் கட்டிய ஒரே காளை, எதிரே பெரும்பாலும் ஒன்பது பேர் கொண்ட ஒரு அணி, குறித்த நேரம். ஆக எல்லாமே வடத்தின் நீளத்துக்கு உள்ளேதான் நடக்கும், நீங்கள் அலைய வேண்டியதே இல்லை. சாயங்கால வெயில் எதிரில் இருக்கிற மாதிரி உட்கார்ந்தால் கிளம்புகிற புழுதியெல்லாம் பொன்னாகத் தெரியும். 1/1250 வையுங்கள். ஆட்கள் பாய்கிற நேரத்தை எல்லோரும் எடுப்பார்கள், அதற்கு முந்தின நொடியைக் கவனியுங்கள்: காளை நின்ற இடத்தில் நின்று, முன்காலால் மண்ணை வாரிக்கொண்டு, ஒருத்தனை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்க்கும்.

பாய்மரப் படகுப் போட்டியைக் கரையில் இருந்து எடுத்தால் தூரத்தில் முக்கோணம் முக்கோணமாக மட்டும் தெரிகிறது.
(வாசகர், தொண்டி)

நடுவில் போகும்போது எடுக்காமல் விட்டுவிடுங்கள், அது பார்க்கிறவர்களுக்கு, படத்துக்கு இல்லை. கிளம்பும்போதும் திரும்பும்போதும் இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுங்கள். படகைத் தள்ளிவிட்டு ஒவ்வொருவராகத் தாவி ஏறுவது, பாயை விரிப்பது, காற்றில் பாய் "டப்" என்று புடைத்த நொடியில் படகு ஒருபக்கம் சாய, குறுக்கே போட்ட பலகையில் ஆட்கள் ஏறிப்போய் உடம்பைச் சாய்த்து அதைச் சமன் செய்வது, இதெல்லாம் கரையோரத்திலேயே நடக்கிறது. உங்கள் கரை கிழக்கு பார்த்தது. காலையில் சூரியன் கடல் பக்கம், பாய்க்குப் பின்னால் இருக்கும், அப்போது பாயின் தையலும் ஒட்டும் தெரிகிற மாதிரி ஒளி ஊடுருவி வரும். எதிர்வெயில் என்று ஒதுக்காதீர்கள், பாய்க்கு அதுதான் சரியான வெளிச்சம். ஆள் முகம் வேண்டுமென்றால் பிற்பகல்.

வல்லத்தில் ஏறிக் கூடப் போக இடம் கிடைத்தால் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போங்கள், ஆனால் போட்டிப் படகுக்குக் காற்று வரும் பக்கத்தில் உங்கள் படகு போகக்கூடாது. பாயில் விழுகிற காற்று கெடும், அப்புறம் கரையில் பெரிய சண்டையாகிவிடும்.

நான் ஒரு பெண். முளைப்பாரி, ஏர்வாடி சந்தனக்கூடு மாதிரி திருவிழாக்களை எடுக்க ஆசை. கேமராவைத் தூக்கினாலே "எந்தப் பத்திரிகை, எதுக்கு" என்று சுற்றிக்கொள்கிறார்கள். கூச்சமாக இருக்கு. இரவுப் படமும் சரியாக வருவதில்லை.
(வாசகி, கீழக்கரை)

சகோதரி, அந்தக் கேள்வியை நீங்களே முந்திக்கொண்டு தீர்த்துவிடலாம். திருவிழா அன்று போவதற்குப் பதில் காப்புக் கட்டின இரண்டாம் நாளே போங்கள், கேமரா பைக்குள் இருக்கட்டும். முளைப்பாரி வளர்க்கிற வீட்டுப் பெரியம்மாவைப் பார்த்து, யார் வீட்டுப் பெண், எதற்கு எடுக்கிறேன், படத்தை எங்கே காட்டுவேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். முளைப்பாரி இருக்கும் அறைக்குள் எல்லோரையும் விடமாட்டார்கள், அந்தக் கட்டுப்பாட்டை மதித்து வெளியிலேயே நில்லுங்கள். ஊர்வலத்தன்று அதே பெரியம்மா "நம்ம புள்ளதான், எடுக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பத்திரிகை அட்டைக்குக் கிடைக்காத இடம் உங்களுக்குக் கிடைக்கும். ஆண் போட்டோகிராபர்கள் கும்மி வட்டத்துக்கு வெளியே நிற்கும்போது நீங்கள் உள்ளே நிற்கலாம். இந்தச் சலுகையைக் கூச்சத்தில் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், அடுத்த வாரம் படங்களைப் பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். செல்போனில் அனுப்புவது வேறு, கையில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது வேறு. அடுத்த வருஷம் உங்களைக் கூப்பிட்டு விடுவார்கள்.

முளைப்பாரியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வெயில் படாமல் வளர்ந்ததால் தண்டு வெள்ளையாகவும் நுனி இளமஞ்சளாகவும் இருக்கும், நவதானியம் என்பதால் ஒவ்வொரு முளையும் ஒவ்வொரு உயரம், தூக்கிக்கொண்டு நடக்கும்போது மொத்தமும் ஒரே பக்கமாக அசையும். தெருவில் கட்டியிருக்கும் எல்இடி வெளிச்சத்தில் கேமரா அதைப் பச்சைப் பசேல் என்று காட்டிவிடும். ரா ஃபைலில் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில்) எடுத்து, ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, வீட்டில் சரிசெய்யுங்கள். முகத்துக்கு ஃப்ளாஷ் போடாதீர்கள், அந்த இரவு அங்கேயே செத்துவிடும். 35 அல்லது 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஒன்று குறைந்த விலைக்கே கிடைக்கும். அபெர்ச்சர் எஃப் 2, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 3200 முதல் 6400 வரை தயங்காமல் ஏற்றுங்கள். கொஞ்சம் புள்ளி தெரிந்தால் தெரியட்டும்.

ஏர்வாடியில் சந்தனக்கூடு ஊர்வலம் விடியவிடிய நடக்கும், கூட்டம் நெருக்கும். வீட்டார் யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், கூடு திரும்பும் முனையில் ஒரு மாடி கிடைத்தால் அங்கிருந்து எடுங்கள். அடக்கத்தலத்தின் உள்ளேயும், நேர்ச்சைக்கு வந்து தங்கியிருக்கும் நோயாளிகள் பக்கமும் கேமராவைத் திருப்ப வேண்டாம். உத்தரகோசமங்கை ஆருத்ரா தரிசனத்துக்கும் இதே பேச்சுதான்: சந்தனம் களைந்த மரகத நடராஜரைக் கண்ணால் பாருங்கள், படத்துக்கு வெளியே பனியில் போர்வை போர்த்திக்கொண்டு வரிசையில் நிற்கும் ஜனங்கள் இருக்கிறார்கள்.

பாம்பன் பக்கம் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைத் தீவுக்கே போய் எடுக்க விரும்புகிறேன். யாரைப் பிடிக்கணும்?
(வாசகர், சென்னை)

தீவுக்கு நினைத்தபடி போக முடியாது, அனுமதி இல்லாமல் முயற்சியும் செய்யாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்குவது குற்றம். கடலுக்குள் போய்ப் பார்க்கத்தான் ஆசையென்றால் காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரி இருக்கிறது, பறவைக்கும் அது நல்ல இடம்.

பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிக் கேட்டதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தலைமுறை தலைமுறையாக அதே கடலில் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்துப் பிழைப்பவர்கள். பூங்கா வந்த பிறகு அவர்கள் வேலை செய்யும் இடம் தகராறுக்கு உள்ளாகிவிட்டது. முகம் தெரிகிற ஒரு படம், இடமும் தேதியும் போட்டு வெளியே வந்தால், அதை எடுத்தவருக்குப் பாராட்டு, அந்த அம்மாவுக்கு அபராதம் என்றுகூட முடியலாம். ஆகவே கரையில் வைத்துப் பேசுங்கள், சம்மதம் கேளுங்கள், வேண்டாம் என்றால் கேமராவை உள்ளே வையுங்கள். சம்மதித்தால் கைகளை எடுங்கள். பாறை கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு விரலாகத் துணி சுற்றியிருப்பார்கள், ஈரத்தில் ஊறி ஊறி விரல் நுனி வெளுத்துச் சுருங்கியிருக்கும், காலில் தகட்டைக் கட்டியிருப்பார்கள், நெற்றியில் கண்ணாடியின் தடம் பதிந்திருக்கும். ஒரு நாளின் வேலை முழுக்க அந்தக் கையில் இருக்கிறது. அவர்களுக்கு வேலை நேரம் போகிறது என்பதையும் மறக்காதீர்கள்.

தனுஷ்கோடியில் ட்ரோன் விடலாமா?
(வாசகர், மதுரை)

வேண்டாம். உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து என்ற கடற்படை விமானத் தளம் இருக்கிறது. கடல் எல்லையும் பக்கம். 2021 ட்ரோன் விதிகளின்படி எந்த இடம் சிவப்பு மண்டலம் (பறக்கத் தடையுள்ள பகுதி) என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் பார்த்து, முறையான அனுமதி இல்லாமல் பையைவிட்டே எடுக்கக் கூடாது. அனுமதியே இருந்தாலும் பறவைக் கூட்டத்துக்கு மேலே விடாதீர்கள், அவற்றுக்கு அது வல்லூறு வந்த மாதிரிதான்.

திருவிழாவில் எடுத்த என் படத்தை ஊர்க் குழுவில் போட்டேன். அடுத்த வாரம் யாருடைய பிறந்தநாள் ஃப்ளெக்ஸிலோ பின்னணியாக வந்துவிட்டது, பேர்கூடப் போடவில்லை.
(வாசகர், திருவாடானை)

1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, யாரும் கூலி கொடுத்து எடுக்கச் சொல்லாமல் நீங்களாக எடுத்த படம் உங்களுக்கே சொந்தம். பதிவு செய்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ரா ஃபைலைப் பத்திரமாக வைத்திருங்கள், அதுதான் சாட்சி. ஆனால் ஊருக்குள் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால் ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் நேரில் போய்ப் பேசிப் பாருங்கள், பெரும்பாலும் அவருக்கே யார் படம் என்று தெரிந்திருக்காது. குழுவில் போடும்போது நீளப்பக்கம் 1200 பிக்ஸலுக்குச் சுருக்கிப் போடுங்கள். ஃப்ளெக்ஸ் அளவுக்கு அது தாங்காது, வேண்டியவர்கள் உங்களிடம் கேட்டு வருவார்கள்.

பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் போவதை எங்கிருந்து எடுப்பது?
(வாசகி, தேவிபட்டினம்)

சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். பேருந்தும் லாரியும் உரசிக்கொண்டு போகிற இடம், போலீசும் விரட்டும். பாலம் தொடங்குவதற்கு முன்பே வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடைபாதையில் நடந்து போங்கள், இல்லையென்றால் கீழே பாம்பன் கரையில் படகுகள் கட்டியிருக்கும் இடத்துக்கு இறங்குங்கள். முன்னால் இரண்டு படகு மூக்கு, பின்னால் பாலம், மேலே ரயில் என்று ஒரே சட்டத்தில் வரும், 24 முதல் 70 மி.மீ. போதும். தண்டவாளத்தில் ஏறக் கூடாது.

2025 ஏப்ரல் 6-இல் திறந்த பாலம் இது, நடுவில் 72 மீட்டருக்கு மேல் நீளமான பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே தூக்கும். 1914-இல் கட்டிய பழைய பாலத்தின் கை இரண்டாகப் பிளந்து விரிந்தது, பார்த்தவர்களுக்கு அது மறக்காது. கப்பல் கடக்கும் நாள் தெரிந்தால் தூக்குகிற காட்சிக்கே போங்கள், பாம்பன் மீனவர்களுக்கு முந்தின நாளே தகவல் தெரிந்திருக்கும், கேட்டால் சொல்வார்கள். ரயிலுக்கு என்றால் சாயங்காலம் போங்கள், பக்கவாட்டு வெயிலில் இரும்பின் ஒவ்வொரு கட்டமும் தனியாகத் தெரியும். ஷட்டர் 1/250 தாராளம். நேர அட்டவணை மாறிக்கொண்டே இருக்கிறது, வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஒருதடவை பார்த்துவிடுங்கள்.